அவர் உட்கார்ந்தால் திறக்காத கதவு

மூன்று பேர் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள். ஒருவர் அக்குளில் கைகொடுத்தார், ஒருவர் இடுப்பைப் பிடித்தார், மூன்றாமவர் அந்தக் கட்டைக்காலைப் பிடித்துக்கொண்டார். காரின் விளிம்புக்கு மேலாகத் தூக்கி, கோயில் வாசல் மணலில் நிற்க வைத்தார்கள். அதுவரை அசையாமல் இறுகிக் கிடந்த கதவை அப்புறம் யாரோ சும்மா தொட்டுப் பார்த்தார்கள். அது சாதுவாகத் திறந்துகொண்டது.

அரியலூர் மாதா கோயிலில் ஞாயிறு முதல் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சாம்பிராணி வாசனை, வெளியே பெட்ரோல் நாற்றம். பெண்கள் பக்கத்து வாசலில் முக்காடு போட்டுக்கொண்டு நான் நின்றிருந்தேன். தூக்கி இறக்கப்பட்டவர் என் அத்தை மகன் இராயப்பன். எனக்கு மாப்பிள்ளையாக நிச்சயமானவர்.

அன்றைக்குத்தான் எங்கள் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசிப்பதாக இருந்தது. எங்கள் சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார் சாமியார். யாரும் வந்து சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையே போய்ச் சொன்னார். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நேரே சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குப் போய், ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார்.

சென்ற வாரம் எழுதியதை, அவர் பட்டாளத்திலிருந்து ஒரு காலோடு வந்து இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர ஒரு காரின் கதையைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கார் என்றால் இன்றைக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒரு காரில் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை நடந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். என் கல்யாணத் தேதி அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் ஒரு கூப்பாடு

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் வேண்டுமென்றால் அரியலூருக்கு வர வேண்டும், அரியலூருக்கு வர பஸ்ஸை விட்டால் கதியில்லை. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் போட்டு ஓட்டிய பஸ் அது. பின்னால் ஒரு பெரிய உருளையில் கரி புகைந்துகொண்டே வரும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஏறியவர் இறங்கும்போது வேட்டியை உதறு உதறென்று உதறுவார். சண்டை முடிந்த பிறகும் கொஞ்ச காலம் அதே பஸ்தான்.

அத்தான் பெரம்பலூர்க்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பர்மா எல்லைப் பக்கம் எங்கேயோ இடது காலைத் தொடையோடு விட்டுவிட்டு வந்தார். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஒரு கட்டைக்கால் பொருத்தி அனுப்பினார்கள். அது முழங்காலில் மடங்காது. உட்கார்ந்தால் துப்பாக்கி நீட்டிய மாதிரி நேராக நிற்கும்.

அந்தக் காலோடு பஸ் படி ஏற முடியுமா? கண்டக்டர் அக்குளில் கைவிட்டு அலாக்காகத் தூக்கி உள்ளே வைப்பார். வைத்துக்கொண்டே, "கால் இல்லாதவரு வர்றாரு, எடம் வுடுங்க, எடம் வுடுங்க" என்று கூப்பாடு போடுவார். கண்டக்டர் நல்ல மனுஷன். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவரை அத்தான் திட்டவும் முடியவில்லை, அது இன்னும் மோசம்.

கல்யாணப் பேச்சைத் திரும்ப எடுக்க என் அப்பா போனபோது அத்தான் பிடிகொடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டார்.

"மூட்டைய எறக்குற மாதிரி என்னைய எறக்குறாங்க மாமா. கோயிலுக்கு நானா வரணும், நானா எறங்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வரேன். அதுவரைக்கும் ஆரோக்கியத்த என் பேருல உக்கார வெக்காதீங்க."

ஆரோக்கியம் என்பது நான். அரியலூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டுவண்டியில் வந்தாலும் சரி, தவழ்ந்து வந்தாலும் சரி, சீக்கிரம் வந்து சேருங்கள் என்று சொல்லியிருப்பேன். நிச்சயம் பண்ணி ஒரு சண்டையே நடந்து முடிந்திருந்தது. இதற்குள் உடையார்பாளையத்தில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை இருக்கிறதாக எங்கள் வீட்டுக்கு ஆள் வேறு வர ஆரம்பித்தாயிற்று. அப்பா அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பவில்லை. அதை நான் கவனித்துக்கொண்டேன்.

கோழி அடைந்த கார்

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பஞ்சுக் கிடங்கு. குன்னம் பக்கத்துப் பருத்தி வண்டிகள் வந்து அவிழ்க்கும் இடம். அதன் ஒரு மூலையில், சுண்ணாம்புக்கல் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் சண்டைக்கு முன்னால் விட்டுப் போன கார் கிடந்தது. நீளமான மூஞ்சி, ரெண்டே ஸீட், தலைக்கு மேலே ஒன்றும் கிடையாது. பந்தயத்தில் ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் கார் என்பார்கள். நான் பார்த்தவரையில் அதில் கோழிதான் அடைந்தது. டயர் மண்ணாகிப்போயிருந்தது. தோல் ஸீட்டை எலி பாதி தின்றிருந்தது.

இந்தக் காரை அத்தான் எதற்குத் தேர்ந்தெடுத்தார் என்று ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். காரணம் சின்னதுதான். மற்றக் கார்களில் நாற்காலியில் உட்காருவதுபோல முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். இதில் தரையோடு தரையாக உட்கார்ந்து ரெண்டு காலையும் நேராக நீட்டிக்கொள்ள வேண்டும். மடங்காத காலுக்கு அதைவிடத் தோதான வண்டி இந்த ஜில்லாவிலேயே கிடையாது. கிடங்குக்காரரைக் கேட்டதற்கு, எடுத்துக்கொண்டு போனால் போதும், இடமாவது காலியாகும் என்றார்.

சங்கடங்கள் ரெண்டு. கிளட்சை இடது காலால் மிதிக்க வேண்டும். அவருக்கு இல்லாதது அந்தக் கால். இன்னொன்று, அந்தக் காருக்கு ஒரே ஒரு கதவு, அதுவும் இடது பக்கம். ஓட்டுகிறவர் வலது பக்கம் விளிம்பைத் தாண்டிக் குதித்துத்தான் உட்கார வேண்டும். வெள்ளைக்காரர் குதித்திருப்பார். இவர் எப்படிக் குதிப்பார்? ஆகவே கிளட்சைக் கைக்கு மாற்ற வேண்டும், வலது பக்கம் உடம்பை அறுத்து அகலமாக ஒரு கதவு போட வேண்டும்.

கார் நகராது என்பதால் வேலை முழுக்க அந்தக் கிடங்கிலேயே நடந்தது. எங்கள் ஜன்னலில் நின்றால் எல்லாம் தெரியும். நான் நின்றேன்.

எது முதலில்?

வேலைக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் பெரம்பலூர் பஸ் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த காசிம் பாய். கரி பஸ்ஸைக் கட்டி அழுதவர், கார் இன்ஜின் அவருக்கு இனிப்பு. இன்னொருவர் அரியலூர் கோவிந்த ஆசாரி. வீடு கட்டுகிற ஆசாரி, வண்டியும் செய்வார். அந்தக் காரின் உடம்பு, தகரத்துக்கு உள்ளே முழுக்க மரச்சட்டம். அதனால் அவர் தேவைப்பட்டார்.

இன்ஜின் முதலில் என்றார் காசிம் பாய். ஓடாத வண்டிக்குக் கதவு எதற்கு என்பது அவர் கட்சி. ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை. எந்த வேலையானாலும் நிலை வைத்துவிட்டுத்தான் மற்றது என்றார்.

"நெலை வெக்காம செவுரு எழுப்புன ஊரு உண்டா பாய்? மொதல்ல வாசல். அப்புறம் நீங்க உள்ள என்னா வேணா வெச்சுக்கங்க."

நடுவில் என் அப்பா. அவரும் பள்ளிக்கூட வாத்தியார். கார் ஓட்டத் தெரியாவிட்டாலும் எதிலும் ஒரு கருத்து உண்டு. சண்டை முடிந்த சமயம், டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் முதலில் டயருக்குச் சொல்லி வையுங்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது.

அத்தான் மூன்று பேரையும் கேட்டுக்கொண்டார். அவருக்குக் கதவுதான் முதலில் வேண்டும். அது இருந்தால்தான் ஏறி உட்கார்ந்து பார்க்கவே முடியும். ஆனால் யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத மனுஷர். பாய்க்குச் சரி, ஆசாரிக்கும் சரி, மாமாவுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டார். இன்ஜினைக் கழற்றி, கட்டைவண்டியில் ஏற்றி, காசிம் பாய் பெரம்பலூர் ஷெட்டுக்குக் கொண்டுபோனார். சக்கரங்களைக் கழற்றி டயருக்காகத் திருச்சிக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்த கூட்டைக் கருங்கல் முட்டு கொடுத்து நிறுத்தினார்கள். ஆசாரி தன் வேலையை ஆரம்பித்தார்.

எல்லோர் சொல்லும் நடந்தது. அங்கேதான் கோளாறு பிடித்தது. அன்று எங்கள் யாருக்கும் அது தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை

நிலை வைப்பதற்கு ஆசாரி நாள் பார்த்தார். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, காலை வேளை. காருக்கு நிலையா என்று சிரிக்காதீர்கள். கதவு நிற்பதற்கு இரண்டு பக்கமும் தேக்குக் கால்கள், கீழே ஒரு சட்டம், அவ்வளவுதான். அவருக்கு அது நிலை. மஞ்சள் தடவினார், மாவிலை கட்டினார், நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து சட்டத்துக்கு அடியில் வைத்தார். பெரம்பலூரிலிருந்து வந்திருந்த என் அத்தை தன் கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைக் கழற்றி, "இதையும் சேத்து வெச்சுடுங்க ஆசாரி" என்று கொடுத்தார். ஆசாரி கண்ணில் ஒற்றிக்கொண்டு அதையும் வைத்து அறைந்தார்.

கதவு வந்து சேர்ந்த அழகைச் சொல்ல வேண்டும். ஒரு காகிதம் நுழையாது. வீட்டுக் கதவில் அதுதான் ஆசாரிக்குப் பெருமை, இதிலும் அப்படியே இழைத்திருந்தார். மூடினால் 'தக்' என்று ஒரு சத்தம். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு மூடித் திறந்து காட்டினார். நானும் ஜன்னலிலிருந்து அந்தச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டேன். கல்யாணம் நெருங்குகிற சத்தமாக நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து இன்ஜின் வந்தது, சக்கரங்கள் வந்தன. முட்டுக் கற்களை எடுத்துவிட்டுக் காரைச் சக்கரத்தில் நிறுத்தினார்கள். காசிம் பாய் கியர் கம்பிக்குப் பக்கத்திலேயே கிளட்சுக்கு ஒரு கைப்பிடி வைத்தார். ஸீட்டுக்கு நடுவே இப்போது ரெண்டு கம்பி. இடது பக்கக் கதவு வழியாக நகர்ந்து போகலாம் என்ற யோசனை அதோடு போயிற்று. கட்டைக்கால் தாண்டாது.

இதற்கப்புறம் பச்சைப் பெயிண்ட். பெயிண்ட் அடிப்பதற்காகக் கதவைக் கழற்றி வெயிலில் சாத்தி வைத்தார்கள். அத்தான் கிடங்கு முற்றத்திலும் தெருவிலுமாகக் கையால் கிளட்ச் பிடித்துப் பழகியதெல்லாம் கதவில்லாமல்தான். சனிக்கிழமை சாயங்காலம் கதவை மாட்டினார்கள். காலிக் காரில் மூடிப் பார்த்தார் ஆசாரி. 'தக்.'

ஞாயிறு காலை அத்தான் ஏறி உட்கார்ந்ததும் கதவு லேசில் மூடவில்லை. புதுப் பெயிண்ட், அப்படித்தான் இருக்கும் என்று ஆசாரி தோளால் ஒரு இடி இடித்து மூடினார். கோயில் வாசலில் என்ன நடந்தது என்று மேலே சொல்லிவிட்டேன்.

நான் ஏறி உட்கார்ந்தேன்

அந்த ஒரு வாரம் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியம். கார்மேல் கோபம், ஆசாரிமேல் கோபம், தூக்கப் பாய்ந்து வந்த அந்த மூன்று புண்ணியவான்கள்மேல் கோபம். எல்லாவற்றையும்விட, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிப் போனவர்மேல் கோபம். விபூதிப் புதன் நெருங்கிக்கொண்டிருந்தது. தபசு காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதுவரை உடையார்பாளையத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அப்பா இந்தத் தடவை அவர்களுக்குக் காப்பியோடு முறுக்கும் கொடுத்தார்.

காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஆசாரி. மரம் மழையில் ஊதிவிட்டது என்றார் அப்பா. எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. அவர் உள்ளே இருந்தபோது திறக்காத கதவு, அவரை இறக்கியதும் எப்படித் திறந்தது? மரம் ஊதியிருந்தால் எப்போதும் அல்லவா ஊதியிருக்க வேண்டும்?

பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையை வீட்டில் போட்டுவிட்டு, நேரே கிடங்குக்குப் போனேன். ஆசாரி ஒரு பருத்தி மூட்டையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் போய் டிரைவர் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வயசுப் பெண், பட்டப்பகலில், பந்தயக் காரில். கிடங்கு ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் திறந்தேன். பிடித்துக்கொண்டு, அப்புறம் திறந்தது. இறங்கிவிட்டுத் திறந்தேன். பூப்போலத் திறந்தது. ஆசாரியை ஏறச் சொன்னேன். அவர் நல்ல கனம். மாட்டிக்கொண்டார், அசையவில்லை.

கயிற்றுக் கட்டில் மாதிரி, ஆள் உட்கார்ந்தால் காரின் உடம்பு நடுவில் தொய்ந்து, நிலை கதவைக் கடிக்கிறது. கல் முட்டில் நின்றபோது தொய்வே இல்லை, இன்ஜினும் இல்லை, ஆளும் இல்லை. மறுநாள் காசிம் பாய் வந்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து தலையில் அடித்துக்கொண்டார். "அல்லாஹ்வே, இதை நான்ல பாத்திருக்கணும். பாரம் ஏறுன அப்புறம் போட வேண்டிய கதவை நாம மொதல்ல போட்டுட்டோமேம்மா."

வைத்த நிலையைப் பிடுங்க ஆசாரி சம்மதிக்கவே இல்லை. வைத்த நிலையை எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். எந்தக் குடும்பம், இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்று கேட்டேன். கடைசியில் நிலை இருக்கட்டும், கதவுப் பலகையை மட்டும் இழைத்துக் குறைக்கலாம் என்று இறங்கி வந்தார். ஆனால் எவ்வளவு குறைப்பது? உட்காருகிறவர் உட்கார்ந்தால்தான் தெரியும். உட்காருகிறவரோ பெரம்பலூரில் இருந்தார்.

நாலு வார்த்தை

அப்பாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அத்தை வீட்டில் அத்தான் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டைக்காலின் மேல் வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். அது எனக்குத் தாங்கவில்லை. அத்தையும் அப்பாவும் அடுக்களைப் பக்கம் போனதும் அவரே ஆரம்பித்தார்.

"ஊரே பாத்துச்சு ஆரோக்கியம். உடையார்பாளையத்துக்காரரு ரெண்டு காலோட இருக்காரு. போயி நல்லா இரு."

கதவு ஏன் திறக்கவில்லை என்று நான் சொன்னேன். கண்ணேறும் இல்லை, சாபமும் இல்லை, வேலையை முன்னுக்குப் பின்னாகச் செய்ததுதான் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் வந்து அந்த ஸீட்டுல உக்காருங்க அத்தான்," என்றேன். "கதவு தன்னால தொறக்குற வரைக்கும் எறங்காதீங்க. எவனையும் கிட்ட வர விட மாட்டேன். அதுக்கப்புறமும் தொறக்கலன்னா, உடையார்பாளையத்துக்கு நானே சரின்னு சொல்லிக்கிறேன்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசந்தான்."

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, என்றைக்கு வரட்டும் என்று கேட்டார்.

மடியில் விழுந்த சீவல்

வந்தார். கண்டக்டர் தூக்கித்தான் இறக்கினார், கடைசித் தடவை என்று அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கதவைக் கழற்றி வைத்திருந்தோம். ஏறி உட்கார்ந்தார். பெட்ரோல் தொட்டியை நிரப்பச் சொன்னார் காசிம் பாய். ஸ்டெப்னி, கருவிப் பை, எது எது ஏற வேண்டுமோ எல்லாம் ஏறியது. பிறகு கதவை மாட்டிச் சாத்தி, எங்கே கடிக்கிறது என்று கரியால் கோடு போட்டு, கழற்றி, இழைத்து, திரும்ப மாட்டி. திரும்பத் திரும்ப இதேதான்.

வெயில் ஏறியது. கதவைக் கழற்றியிருந்த நேரத்தில் இறங்கிக் கொஞ்சம் நின்றுகொள்ளுங்கள் என்று ஆசாரி கெஞ்சினார். அவர் மாட்டேன் என்றுவிட்டார். கதவைத் திறந்துதான் இறங்குவேன் என்றார். மத்தியானச் சாப்பாட்டை நான் தட்டில் போட்டுக் காருக்கே கொண்டுபோனேன். மடியெல்லாம் மரச்சீவல். சோற்றிலும் ஒன்று விழுந்தது, அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கம்மி என்று சொன்னார். என்னிடம் அவர் சொன்ன முதல் குறை அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கிடங்கு வாசலிலேயே நிறுத்தினேன். டீச்சர் குரல் எனக்குப் பயன்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

சாயங்கால ரயில் ஊதுகிற நேரம். ஆசாரி கதவைச் சாத்திவிட்டு விலகி நின்றார். அத்தான் கைப்பிடியைத் திருகித் தள்ளினார். திறந்தது. மூடினார், திறந்தார். ஐந்தாறு தடவை அப்படியே செய்தார். பிறகு கட்டைக்காலை வெளியே நீட்டி ஊன்றி, நிலையைப் பிடித்து எழுந்து நின்றார். மடியிலிருந்த சீவலெல்லாம் கீழே கொட்டியது. பழைய 'தக்' சத்தம் போய்விட்டது என்று ஆசாரிக்கு மட்டும் வருத்தம். காலியாக நின்றால் கதவில் விரல் நுழையும் சந்து தெரிந்தது.

ஆரத்திக்கு முன்னால்

மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் வரவில்லை. விபூதிப் புதனுக்கு முந்தின வாரம் கல்யாணம். அன்று காலை பெரம்பலூரிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்தார். கோயில் வாசலில் நிறுத்தினார். தூக்குவதற்கென்றே பிறந்த அந்த மூன்று பேரும் தயாராக நின்றிருந்தார்கள். அத்தான் கதவைத் திறந்தார், இறங்கினார், ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார், உள்ளே வந்தார். அவ்வளவுதான். அதைப் பார்க்க நான் எத்தனை மாதம் ஜன்னலில் நின்றேன்! பூசை முழுக்க எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று பெண்கள் தேற்றினார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு நாங்கள் இருவரும் அந்தக் காரில் பெரம்பலூருக்குப் போனோம். நான் இடது பக்கம், என் மடியில் என் துணிப்பெட்டி. வழியெல்லாம் சோளக்கொல்லைத் தூசி. பேச்சுக் கேட்காது, காற்று வாரிக்கொண்டு போகும். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அத்தை, வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார். தெருவே நின்றது. அத்தான் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை.

இன்னொரு தடவை தள்ளினார். தோளைக் கொடுத்தார். முகம் கறுத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முகம். கூட்டத்தில் ரெண்டு பேர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னால் வர ஆரம்பித்தார்கள்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. பெட்ரோல் ஏற்றினோம், ஸ்டெப்னி ஏற்றினோம், அவரை நாள் முழுக்க உட்கார வைத்தோம். பக்கத்து ஸீட்டில் ஒருத்தி உட்காருவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் உட்காருவதற்காகத்தான் இத்தனை பாடும்.

ஆரத்தி எடுக்காமல் மணப்பெண் இறங்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு முன்னால் இறங்கவே கூடாது. அத்தை, "ஏய் ஏய் ஆரோக்கியம்" என்று கத்தக் கத்த, நான் என் பக்கத்துக் கதவைத் திறந்து பெட்டியோடு இறங்கிவிட்டேன். அந்தப் பக்கம் கதவு சத்தமில்லாமல் திறந்தது. அவர் தானே இறங்கி, காரைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றார். அதற்கப்புறம் ஆரத்தி எடுத்தார்கள்.

விஷயம் ஆசாரி காதுக்கு எட்டியது. மனுஷருக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வாரமே இழைப்புளியும் உளியுமாகப் பெரம்பலூருக்கு பஸ் ஏறி வந்துவிட்டார். இன்னும் ஒரு இழைப்பு, அரை மணி நேர வேலை, ரெண்டு பேரும் உட்காருங்கள் என்றார். நான் உட்காரப் போனேன்.

"இருக்கட்டும் ஆசாரி," என்றார் அத்தான்.

"ரெண்டு பேரு உக்காந்தா புடிக்குதாமே தம்பி. ஒவ்வொரு தடவையும் அவங்க எறங்குனாத்தானே ஒங்களால எறங்க முடியும்?"

"ஆமா. அவ எறங்குனா தொறக்குது. அப்படியே இருக்கட்டும்."

ஒருவர் கை தன்மேல் பட்டால் பொறுக்காத மனுஷர் அதைச் சொன்னார். ஆசாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இழைப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் அரியலூர் போய்ச் சேர்ந்தார்.